ஆறு பேரின் இம்போசிஷன்

அம்சவள்ளி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வாசல்படியில் போட்டுவிட்டு, "அண்ணி, இன்னிக்கி எரநூறு!" என்றாள்.

மலர்க்கொடி அடுப்பில் சோளச்சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தாமலே, "எரநூறா? நேத்து நூறுதான?" என்று கேட்டாள்.

"நாலு வாக்கியம் தப்பாப் போச்சு. ஒண்ணு ஒண்ணும் அம்பது தடவை."

"வேணும்னே தப்பு உடுறியாடி?"

"வேணும்னு வுட எனக்கென்ன பைத்தியமா? அது தானா வருது."

இப்படித்தான் அந்த வீட்டில் மூன்று மாதமாகச் சாயங்காலங்கள் தொடங்கின. வேப்பந்தட்டையிலிருந்து எறையூர் போகும் வழியில் இருந்த அந்த ஊரில் எட்டாம் வகுப்பு வரை ஒரு நடுநிலைப் பள்ளி உண்டு. அம்சவள்ளி அங்கே எட்டாம் வகுப்பு. அவளுக்கு இங்கிலீஷ் எடுத்தவர் கிருஷ்ணமூர்த்தி சார். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பிரம்பைத் தொடமாட்டார். தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுவார். வாசித்ததிலிருந்து பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லுவார். தப்பான வாக்கியத்துக்குக் கீழே சரியானதைச் சிவப்பு மையில் எழுதி, ஐம்பது தடவை இம்போசிஷன் போட்டுவிடுவார். பிள்ளைகள் பிரம்புக்கு ஏங்கினார்கள்.

"அடின்னா அஞ்சு நிமிஷத்துல ஆறிடும். இது விடிய விடிய வலிக்கும்" என்பாள் அம்சவள்ளி.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் இம்போசிஷன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதபோது மலர்க்கொடிதான், "இங்க குடு, நான் எழுதுறேன். நீ போயி தண்ணி எடுத்தா" என்றாள். அம்சவள்ளி அண்ணியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மனசு மாறுவதற்குள் ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அண்ணி இரக்கப்பட்டு வாங்கியதாகத்தான் அவள் நினைத்தாள். மலர்க்கொடியின் கணக்கு வேறு.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தர்மனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பிறந்த வீட்டில் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. ஆனால் ஊர் பால்வாடியில் வேலை பார்த்த லீலாவதி டீச்சர் ஒருநாள் குழாயடியில் சொன்ன செய்தி அவளைத் தூங்கவிடவில்லை. டீச்சர் தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை கிடைத்துவிட்டது, சித்திரையோடு கிளம்பப்போகிறார். அந்த இடத்துக்கு உள்ளூர்ப் பெண்ணாகப் பார்த்துப் போடுவார்கள், எட்டாவது தேறியிருந்தால் போதும் என்று யூனியன் ஆபீஸில் பேச்சாம்.

"தை மாசம் தனியா எட்டாவது பரீட்சை எழுதலாம் மலர். பள்ளிக்கூடம் போகணும்னு இல்ல. பணம் கட்டி ஃபாரம் போட்டா போதும். இந்த வாட்டி விட்டீன்னா வேற ஊர்லேர்ந்து யாராவது வந்து உக்காந்துருவாங்க. அப்புறம் இருபது வருஷத்துக்கு எடம் காலியாவாது."

தமிழ் வரும். கணக்கு முட்டி மோதி வந்துவிடும். சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் தமிழில்தானே இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். இங்கிலீஷ்தான் சுவர் மாதிரி நின்றது. ஏ, பி, சி, டி தெரியும், சின்னச் சொற்கள் கொஞ்சம் தெரியும். அவ்வளவுதான். அந்தச் சுவரில் ஒரு ஓட்டை விழுந்த மாதிரிதான் நாத்தனாரின் இம்போசிஷன் நோட்டு கைக்கு வந்தது.

முதல் வாரம் பிள்ளைகள் எழுதுகிற முறையிலேயே எழுதினாள். ஐம்பது வரிக்கும் முதல் சொல்லை மேலிருந்து கீழாக வரிசையாக எழுதிவிட வேண்டும். பிறகு இரண்டாவது சொல், பிறகு மூன்றாவது. சீக்கிரம் முடியும். எழுதி முடித்துப் பார்த்தால் ஒரு வாக்கியமும் மண்டையில் நிற்காது. இது ஆகாது என்று கண்டுகொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் முழுசாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். முப்பதாவது தடவையில் பார்க்காமலே கை ஓடியது.

"இதுக்கு என்னடி அர்த்தம்?"

"ராஜா தூதரை ஜெயில்ல போட்டாரு."

"எதுக்கு?"

"அது நாளைக்கு வாசிக்கிற பக்கத்துல வரும்."

செய்தி தெருவில் பரவ நாலு நாள்தான் பிடித்தது. அம்சவள்ளியின் வகுப்பிலிருந்து ஒவ்வொருவராக இம்போசிஷன் நோட்டோடு வந்து நின்றார்கள். ஆவணி முடிவதற்குள் அம்சவள்ளியோடு சேர்த்து ஆறு பேர். அமாவாசை என்ற பையன்தான் அவர்களில் பெரிய வாடிக்கைக்காரன். ஒரு நாளும் முந்நூறுக்குக் குறைந்து வரமாட்டான். மலர்க்கொடி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் நோட்டைக் கொடுக்க வேண்டும். அர்த்தம் தெரியாதவர்கள் வகுப்பில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அமாவாசை மட்டும் வழியில் தோன்றியதைச் சொல்லுவான்.

"மந்திரி ராஜாவுக்கு மாமனார் ஆவுறாருக்கா."

"அம்சா, பாருடி, அப்படியா போட்டுருக்கு?"

"இல்ல அண்ணி. மந்திரி ராஜாவோட ஊருக்குப் போறாரு. இவன் வாய்க்கு வந்தத அடிச்சு வுடுறான்."

தர்மனுக்கு எல்லாம் தெரியும். எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைக்கும் காலத்துக்கு மட்டும் எடுக்கிற ஆள் அவன். கார்த்திகையில் கூப்பிடும்வரை கிணறு வெட்டவும் மூட்டை தூக்கவும் போவான். பத்தாவது எழுதியவன்தான், இங்கிலீஷில் கவிழ்ந்தவன்.

"பதினோரு மார்க்கு வாங்குனேன் மலரு. அதுல பத்து, கையெழுத்து நல்லாருக்குன்னு போட்டது" என்று சிரிப்பான். பரீட்சைக்குப் பணம் கட்டி ஃபாரத்தை வாங்கி வந்ததும் அவன்தான்.

மாமியார் கொளஞ்சியம்மாளுக்குத்தான் தெரியாது. அந்த அம்மாள் விடிந்தால் சின்ன வெங்காயக் காட்டில் இருப்பாள், பொழுது சாய்ந்தால் வருவாள். ஆள் கூலி கொடுத்துக் கட்டாது என்று மருமகளையும் கூட்டிக்கொண்டு போவாள். அவளிடம் சொன்னால் நடுவைக்கு ஆள் இல்லாத நேரத்தில் பரீட்சை என்ன கேடு என்று கேட்பாள் என மலர்க்கொடி நினைத்தாள். கொளஞ்சியம்மாளோ, சாயங்காலம் தெருப்பிள்ளைகள் நோட்டும் கையுமாக வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "எம் மருமவ வந்த பொறவுதான் இந்தக் கழுத அம்சா புத்தகத்தத் தொடுது" என்று காட்டில் எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிடிபட்டது.

கிருஷ்ணமூர்த்தி சார் அன்று இம்போசிஷன் நோட்டுகளை மொத்தமாக வாங்கி மேசையில் அடுக்கினார். ஒன்றைத் திறந்தார். முகர்ந்து பார்த்தார். இன்னொன்றை எடுத்து அதையும் முகர்ந்தார். ஆறு நோட்டில் வெங்காய வாசனை. ஆறிலும் பக்கத்தின் வலது ஓரத்தில் மஞ்சள் விரல் ரேகை. ஆறிலும் ஒரே கையெழுத்து.

"யாரு எழுதினது?"

அமாவாசைதான் எழுந்து, "அம்சவள்ளி அண்ணி சார். ஆனா அர்த்தமெல்லாம் நாங்கதான் சார் சொன்னோம்" என்றான்.

"திங்கக்கெழம வூட்டுலேர்ந்து பெரியவங்களக் கூட்டிட்டு வா" என்று அம்சவள்ளியிடம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை தர்மன் குன்னம் பக்கம் கிணற்று வேலைக்குப் போயிருந்தான். அதனால் கொளஞ்சியம்மாளே வெளுத்த சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். மலர்க்கொடியும் கூடப் போனாள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் ஆறு நோட்டு. அம்சவள்ளி தூணோடு தூணாக நின்றாள்.

"இது யாரு கையெழுத்துன்னு தெரியுதாம்மா?" என்று கொளஞ்சியம்மாளைக் கேட்டார் சார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"அதாம்மா பிரச்சினையே. எல்லாம் ஒண்ணு போல இருக்கு."

மலர்க்கொடி ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் எழுதுனதுங்க சார்."

ஆறு பேருக்குப் போட்ட தண்டனையை மருமகள் ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று சார் விளக்கிச் சொன்னதும் கொளஞ்சியம்மாள் சாரை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, ஒந் தப்புக்குப் போட்ட தண்டனைய எம் மருமவ எழுதுறாளா? காலையிலேர்ந்து களவெட்டிட்டு வந்த கைடி அது! நீ காலாட்டிக்கிட்டு உக்காந்துருந்தியா?"

"நான் தண்ணி எடுத்தேன், பாத்திரம் வெளக்குனேன்..." என்றாள் அம்சவள்ளி அழுகையோடு.

"அத்தை, அவள வையாதீங்க. நான்தான் கேட்டு வாங்குனேன்."

"தண்டனைய எவளாவது கேட்டு வாங்குவாளா?"

"பரீட்சை எழுதப் போறேன் அத்தை. எட்டாவது. தை மாசம். பால்வாடி டீச்சர் போவப்போறாங்க. அந்த வேலைக்கு எழுதிப்போடணும். இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் இல்ல, அதான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சார் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேசையில் தள்ளினார்.

"உக்காரும்மா. நான் தமிழ்ல சொல்றேன். நீ இங்கிலீஷ்ல எழுது. 'மழை பெய்யாமல் போயிருந்தால் சேனை ஆற்றைக் கடந்திருக்கும்.'"

மலர்க்கொடி எழுதினாள். கை நிற்கவில்லை.

"'கிரகணம் முடியும்வரை யாரும் வெளியே வரவில்லை.'"

அதையும் எழுதினாள். சார் தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது, நான்காவது வாக்கியங்களைச் சொன்னார். ஒரு தப்பும் இல்லை. தூணோரம் நின்ற அம்சவள்ளிக்கே பெருமையாகிவிட்டது.

"சரி. இன்னிக்கிக் காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்ச? நாலு வரி எழுது."

மலர்க்கொடி பேனாவைத் தாளில் வைத்தாள். எழுந்தேன். தண்ணீர் எடுத்தேன். ஆட்டுக்குத் தழை போட்டேன். சோறு ஆக்கினேன். ராஜா வந்தான், தூதன் வந்தான், சேனை வந்தது. தண்ணீர் எடுக்கிறது வரவில்லை. சோறு ஆக்குகிறது வரவில்லை. பேனா முனையில் மை ஊறிப் பொட்டு மாதிரி பரவியது.

சார் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஆறு நோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"நீ படிச்சதெல்லாம் இந்தப் பசங்க தப்பா எழுதின வாக்கியம். அவங்க சரியா எழுதினது எதுவும் ஒங்கிட்ட வரவே இல்ல. அதுக்குத்தான் இம்போசிஷன் கெடையாதே. கஷ்டமானதெல்லாம் ஒனக்குத் தெரியுது. சுலபமானது ஒண்ணும் தெரியல. பரீட்சையில பாதி சுலபமானதுதான் வரும். கட்டுரை சொந்தமா எழுதணும். இந்த வருஷம் ஒன்னால முடியாதும்மா. அடுத்த வருஷம் பாரு."

"அடுத்த வருஷம் அந்த வேல இருக்காதுங்க சார். இந்த வருஷமே எழுதுறேன்."

"ஒன்னிஷ்டம். ஆனா என் வகுப்புப் புள்ளைங்களுக்கு இனிமே நீ ஒரு வரி எழுதக் கூடாது. அது மட்டும் கண்டிப்பு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்ததும் கொளஞ்சியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வேணாம்பீங்கன்னுதான் அத்தை."

"வேணாமுன்னுதான் சொல்லியிருப்பேன். நடுவைக்கு ஆளு எங்க இருக்கு? சொன்ன பொறவும் நீ எழுதத்தான் போற. அதுக்கு எதுக்கு மறைக்கணும்?" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "அந்த வாத்தியாரு என்ன, முடியாதுன்னு அப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றாரு?" என்று முணுமுணுத்தாள்.

மறுநாளே மலர்க்கொடி ஆறு பேரையும் வீட்டில் கூட்டினாள்.

"இனிமே அவங்கவங்க இம்போசிஷனை அவங்கவங்கதான் எழுதணும். இத்தன நாளு எழுதிக் குடுத்தேன்ல? அதுக்குப் பதிலா ஆறாவது, ஏழாவதுல எழுதுன பழைய நோட்டெல்லாம் கொண்டாங்க. எனக்கு சரி போட்டதுதான் வேணும்."

"அக்கா, எங்கிட்ட சரி போட்டது ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்" என்றான் அமாவாசை.

"இருக்குறதக் கொண்டா."

கறையான் அரித்தது, எண்ணெய் பட்டது, அட்டை இல்லாதது என்று பதினேழு நோட்டு சேர்ந்தது. மலர்க்கொடி ஆறாவதிலிருந்து ஆரம்பித்தாள். சரி போட்ட வாக்கியங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தாள். நான் தினமும் குளிக்கிறேன். என் தம்பி பால் குடிக்கிறான். கிணறு ஆழமாக இருக்கிறது. இவ்வளவு சின்னதாகவா இருக்கும் என்று ஆச்சரியமாக இருந்தது. தினமும் ஒரு பக்கம் வாசிப்பு, பத்து வாக்கியம் எழுத்து என்று சார் வகுப்பில் கொடுப்பதையே அம்சவள்ளி வீட்டில் அவளுக்குக் கொடுத்தாள். சார் மாதிரியே ஒரு சிவப்புப் பேனாவும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"இது தப்பு அண்ணி. அம்பது தடவை!"

"அடி போடீ. ஒன்ன விட நான் நல்லா எழுதுவேன்."

"சேனை ஆத்தக் கடக்கறதுன்னா நல்லா எழுதுவீங்க. நீங்க ஆத்தக் கடக்கறது தெரியல பாருங்க."

சரியானதைப் பார்த்து எழுதுவது வந்துவிட்டது. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால்தான் கை கட்டிக்கொண்டது. இத்தனை மாதம் அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் வேறொருவர் தப்பு செய்து, சார் திருத்தி, அதற்குப் பிறகு அவளிடம் வந்தது. அவளாக ஒரு தப்பும் செய்ததில்லை. வெறும் தாளைப் பார்த்தால் சார் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

கார்த்திகையில் ஆலையில் அரவை தொடங்கியது. தர்மனுக்கு ராத்திரி ஷிஃப்ட். காலையில் உடம்பெல்லாம் பாகு வாசனையோடு வந்து உட்கார்ந்தால், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை மலர்க்கொடி அம்சவள்ளியின் துணைப்பாடக் கதையை ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். அவன் "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொள்வான். ஒருநாள் அவள் புத்தகத்தை எடுக்கவில்லை.

"ஏன், கதை தீந்துபோச்சா?"

"எனக்கு வராதுங்க. நாலு வரி எழுதத் துப்பு இல்ல. சார் சொன்னது சரிதான்."

தர்மன் கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கு எழுது."

"என்னது?"

"தூக்குல சோறு கட்டிக் குடுக்குறல்ல, அது கூட ஒரு சீட்டு வை. இங்கிலீஷ்ல. எனக்குத் தப்பு தெரியாது மலரு. பதினோரு மார்க்குக்காரன் என்னத்தத் திருத்தப்போறேன்? நீ என்ன எழுதுனாலும் எனக்குச் சரிதான்."

"யாராவது பாத்துச் சிரிப்பாங்க."

"பொண்டாட்டி இங்கிலீஷ்ல கடுதாசி போடுறான்னு வயிறெரிவானுங்க. எழுது."

அன்று சாயங்காலம் தூக்குவாளியின் மூடிக்கடியில் மடித்த சீட்டு ஒன்று போனது. மூன்று வரி. சாப்பிடுங்கள். இன்று கத்திரிக்காய். உங்கள் அம்மாவுக்கு ஆட்டின் மேல் கோபம். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றில் இரண்டு தப்பு. மறுநாள் காலை வெறும் தூக்கு திரும்பி வந்தபோது அதற்குள் ஒரு சீட்டு இருந்தது. அரவைக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில், மார்க்கு வாங்கித் தந்த அந்த அழகான கையெழுத்தில், தர்மனும் இரண்டு வரி எழுதியிருந்தான். கத்திரிக்காய் நல்லது. ஆடு பாவம்.

மலர்க்கொடி சிரித்துக்கொண்டே முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். அவன் எழுதியதிலும் தப்பு இருப்பதாகப் பட்டது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு எழுத்துக்கூடப் புரியாமல் போகவில்லை.

அதற்குப் பிறகு சீட்டு இல்லாமல் தூக்கு போனதில்லை. மூன்று வரி ஐந்தானது, ஐந்து பத்தானது. காட்டில் யார் யாரோடு சண்டை, எந்த வரப்பில் பாம்பு கிடந்தது, அம்சவள்ளி கணக்கில் எத்தனை மார்க்கு, ராத்திரி அவன் இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது என்பது வரை எழுதினாள். கடைசியாகச் சொன்னதைத் தமிழில் எழுதியிருந்தால் வெட்கமாக இருந்திருக்கும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெங்காயம் பிடுங்கும் நாள் வந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் பக்கத்து வீட்டு வீரம்மாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மலர்க்கொடியும் களைக்கொத்தோடு எழுந்தாள்.

"நீ எங்க வர?"

"ஆளு பத்தாதே அத்தை."

"நீ வந்து அரநாளுல பிடுங்குற வெங்காயத்த நான் நாளைக்கிப் பிடுங்கிக்குவேன். முடியாதுன்னு சொன்னாருல்ல அந்தாளு? போயி உக்காரு."

பெரம்பலூரில் பரீட்சை. ஷிஃப்ட் முடிந்து வந்த தர்மன் குளித்துவிட்டுத் தூங்காமலே அவளோடு பஸ் ஏறினான். பள்ளிக்கூடத்து வாசலில் அரும்பு மீசைப் பையன்கள் நின்றார்கள். தலை நரைத்த ஆபீஸ் பியூன் ஒருவர் நின்றார். கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே போன பெண் ஒருத்தியும் இருந்தாள். முதல் நாள் தமிழ். மறுநாள் இங்கிலீஷ்.

கேள்வித்தாளில் முன்பக்கம் பரவாயில்லை. சின்னச் சின்னக் கேள்விகள். ஆறாவது நோட்டில் சரி போட்டவை நிறைய வந்திருந்தன. பின்பக்கம் திருப்பினாள். கட்டுரைக்கு என்று அம்சவள்ளி ஐந்தை மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள்: என் பள்ளி, பொங்கல் பண்டிகை, ஒரு ரயில் பயணம், நூலகம், என் தோழி. ஐந்தில் ஒன்றும் இல்லை. நீ நேரில் பார்த்த ஒருவரின் வேலையைப் பற்றிப் பத்து வரிகள் எழுது என்று இருந்தது.

பக்கத்து வரிசையில் பியூன் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்க்கத் தொடங்கினார். மலர்க்கொடி கேள்வியை மறுபடி வாசித்தாள். திருத்திக் கொடுக்க யாரும் இல்லை. பார்த்து எழுத ஒன்றும் இல்லை. இன்னும் அரைமணி நேரம் என்று மணி அடித்தது.

தப்பாகத்தான் வரும். வரட்டும். தப்பாக இருந்தாலும் அர்த்தம் போய்ச் சேரும் என்பது இரண்டு மாதமாகத் தெரிந்த விஷயம். அவள் பேனாவை ஊன்றினாள்.

என் மாமியார் வெங்காயம் நடுகிறார். அவர் காலை முதல் மாலை வரை குந்தியிருக்கிறார். அவர் கை நேர்க்கோடு போடுகிறது; அவரிடம் அளவுகோல் இல்லை. அவர் வெங்காயத்தை மண்ணில் அமுக்கும்போது தலையை மேலே வைக்கிறார். ஒருநாள் நான் தலைகீழாக வைத்தேன். அவர் திட்டவில்லை; எடுத்துத் திருப்பி வைத்தார். மாலையில் அவரால் உடனே நிமிர முடியாது. நான் கை கொடுக்கிறேன். அவர் வேண்டாம் என்கிறார். பிறகு பிடித்துக்கொள்கிறார்.

அமுக்குவதற்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று தெரியவில்லை. வைக்கிறார் என்று எழுதினாள். குந்தியிருப்பதற்கும் தெரியவில்லை. காலின் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினாள். மணி அடிக்கும்போது பத்து வரியும் முடிந்திருந்தது.

வாசலில் தர்மன் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"எப்படி எழுதுன?"

"நெறயத் தப்பு. ஆனா எடம் உடாம எழுதிட்டேன்."

பங்குனி இரண்டாம் வாரத்தில் தபால்காரர் மதிப்பெண் சீட்டைக் கொண்டுவந்தார். அம்சவள்ளிதான் பிரித்தாள். மற்ற பாடங்களைப் பார்க்காமல் விரலை நேரே இங்கிலீஷுக்குக் கொண்டுபோய், "நாப்பத்தொண்ணு! பாஸ்! அண்ணி பாஸ்!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தர்மன் பாயிலிருந்து எழுந்து வந்து, "எங்க, குடு" என்று சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "என்னவிட முப்பது கூட" என்றான்.

கொளஞ்சியம்மாள், "எத்தினிக்கு நாப்பத்தொண்ணு?" என்று கேட்டாள்.

"நூத்துக்கு அத்தை."

"மிச்சம் அம்பத்தொம்பது எங்க போச்சு?"

"தப்பாப் போச்சு அத்தை."

"அது கெடக்குது" என்றாள் கொளஞ்சியம்மாள். "யூனியன் ஆபீசுக்கு என்னைக்கிப் போவணும்?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் வேப்பந்தட்டைக்குப் போனார்கள். யூனியன் ஆபீஸில் குமாஸ்தா ஒரு விண்ணப்பத்தாளைக் கொடுத்தார். மலர்க்கொடி வெளித் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இந்த எடத்துல பொறந்த தேதி கேட்டுருக்கு. நீ பரீட்ச எழுதுன தேதியப் போட்டுருக்க. தப்பு. மதியத்துக்கு மேல வா, வேற ஃபாரம் தரேன். புதுசா எழுதிக் குடு."

"வேற ஃபாரம் வேணாங்க சார்" என்றாள் மலர்க்கொடி. "அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க."

மேசையின் விளிம்பில் தாளை வைத்து, தப்பான தேதியின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்திலேயே சரியானதை எழுதினாள். திருத்தியது தான்தான் என்பதற்கு ஓரத்தில் ஒரு கையெழுத்தும் போட்டாள். குமாஸ்தா அதை ஒரு கணம் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினார்.

"ஒங்க ஊர்லேர்ந்து வேற யாரும் போடல" என்றார். "வைகாசி ஒண்ணாம் தேதி வேலைக்கி வர்ற மாதிரி இருக்கும். தயாரா இரும்மா."

"தயாராத்தான் இருக்கா" என்றாள் பின்னாலிருந்து கொளஞ்சியம்மாள்.